இந்தியாவுக்கு ஆள் தேவை

பதுளையில் நான் படித்த கல்லூரியின் பெரிய மண்டபத்தில், ‘இந்தியா’ என்று மூன்று மொழிகளில் எழுதிய பலகைக்குக் கீழே, வாடகைக்கு எடுத்த லெஹங்காவில் நின்றுகொண்டிருந்தேன். மணப்பெண் அலங்காரக் கடையில் எடுத்தது. ஜிகினா இடுப்பில் குத்தியது. யாரோ ஒரு மணமகளின் பவுடர் வாசனை கழுத்துப் பக்கம் இன்னும் மிச்சமிருந்தது.

அடுத்த மேசை நைஜீரியா. அங்கே இமானுவேல், சிறுத்தைப் புள்ளி போட்ட ஒரு துணியைத் தோளில் போர்த்திக்கொண்டு, எந்த நேரமும் யாராவது தன்னை ஆடச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் இருந்தான். நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம்.

“ரஞ்சி, உங்க நாட்டுல பொண்ணுங்க இதத்தான் போடுவாங்களா?” என்று கேட்டான்.

“எங்க நாட்டுல பொண்ணுங்க என்ன போடுறாங்கன்னு நீயும்தான் தினம் பஸ்ல பாக்குற.”

அவன் பலகையை அண்ணாந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். தன் தோளில் கிடந்த சிறுத்தையைச் சரிசெய்துகொண்டான். லாகோஸ் நகரத்தில் அடுக்குமாடியில் வளர்ந்தவன். அவன் சிறுத்தையைப் பார்த்தது இலங்கைக்கு வந்த பிறகு, ஒரு சுற்றுலா விளம்பரத்தில்.

நேஹாவின் அக்காவுக்குக் கல்யாணம்

என் பெயர் சிவரஞ்சனி என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் கொஸ்லந்தவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். அம்மா கொழுந்து எடுப்பவர். அப்பா தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. எனக்குத் தெரிந்து இப்போது எங்கள் வீட்டில் இருக்கும் யாரும் இந்தியாவைப் பார்த்ததில்லை, தொலைக்காட்சியில் தவிர.

எங்கள் கல்லூரியின் விளம்பரப் பலகையில் ‘சர்வதேச’ என்ற சொல் கல்லூரியின் பெயரைவிடப் பெரிதாக இருக்கும். உள்ளே வந்தால் வெளிநாட்டு மாணவர்களை ஒரு முச்சக்கர வண்டியில் ஏற்றிவிடலாம். கொஞ்சம் நெருக்கி உட்கார வேண்டும், அவ்வளவுதான். நைஜீரியாவுக்கு இமானுவேல். மாலைதீவுக்கு ஐஷாத். நேபாளத்துக்கு ஒரு பையன், எப்போதும் தூங்கிக்கொண்டே இருப்பான். இந்தியாவுக்கு நேஹா.

அந்த வருடம் ஒரு குளிர் நாட்டிலிருந்து ஒரு பல்கலைக்கழகத்தின் குழு எங்களைப் பார்க்க வருவதாக இருந்தது. பார்த்துப் பிடித்துப் போனால் ஒப்பந்தம். ஒப்பந்தம் கையெழுத்தானால் எங்களில் ஒருவர் அரை வருடம் அங்கே போய்ப் படிக்கலாம். அந்த இடம் பரீட்சைப் புள்ளிகளில் முதலாவதாக இருப்பவருக்கு என்று வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள். முதலாவதாக இருந்தது நான். அப்பா இதை லயம் முழுக்கச் சொல்லி முடித்து, தோட்டத்தின் அடுத்த பிரிவான மேல் டிவிஷனுக்கும் சொல்லப் போயிருந்தார்.

குழு வரும் நாளில் ‘உலகக் கலாசாரச் சந்தை’ நடத்துவதென்று நிர்வாகம் முடிவு செய்தது. அந்த வாரம் பார்த்து நேஹாவின் அக்காவுக்குக் கல்யாணம். நேஹா விமானம் ஏறிவிட்டாள். கல்லூரியில் இந்தியா காலியாகிவிட்டது.

பொறுப்பாக இருந்தவர் நிலந்தி மிஸ். நல்லவர். இதை நான் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் தன் குடையை மாணவிகளுக்குக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போகிற ரகம். அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, சிங்களத்தில் சிரித்த முகத்தோடு சொன்னார்.

“ரஞ்சனி, உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு. நேஹாவுக்குப் பதிலாக நீங்கள்தான் இந்தியா.”

“நான் எப்படி மிஸ்?”

“நீங்கள் இந்தியத் தமிழர்தானே? பதிவிலே அப்படித்தானே இருக்கிறது?”

இருக்கிறதுதான். பிறப்புச் சான்றிதழிலிருந்து எல்லா இடத்திலும் அப்படித்தான் எழுதுவார்கள். எனக்கு முன்னால் எத்தனையோ தலைமுறை இதே மண்ணில் செத்துப் போன பிறகும் அந்தச் சொல் மட்டும் கப்பலிலிருந்து இன்னும் இறங்கவில்லை.

“அழகாக இருப்பீர்கள்,” என்றார் மிஸ். “குழுவுக்கும் உங்கள் முகம் ஞாபகம் இருக்கும். அது உங்களுக்கும் நல்லதுதானே.”

நான் சரி என்றேன். குளிர் நாட்டின் பனி என் கண்ணுக்குள் ஏற்கெனவே விழ ஆரம்பித்திருந்தது.

இமானுவேலின் தப்பு

அடுத்த கவலை நைஜீரியா. மேளம் இல்லாமல் ஆப்பிரிக்கா எப்படி என்று மிஸ் கேட்டார். இமானுவேல், தான் கணினி படிக்க வந்தவன் என்றும், வீட்டில் அவனுக்குத் தெரிந்த ஒரே வாத்தியம் தங்கையின் பியானோ என்றும் மரியாதையாக எடுத்துச் சொன்னான். மிஸ் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார்.

“ரஞ்சனி, உங்கள் பக்கத்தில் ஏதாவது மேளம் கிடைக்குமா? தோலில் செய்தது?”

கிடைத்தது. எங்கள் லயத்துச் சின்னையா மாமாவிடம் ஒரு தப்பு இருந்தது. மாரியம்மன் திருவிழாவில் அவர் அதை அடித்தால் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். கேட்டதும் கொடுத்துவிட்டார்.

“யாரு அடிக்கப் போறா?” என்று மட்டும் கேட்டார்.

“ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்த பையன் மாமா.”

“அங்கயும் இருக்காமா இது?”

“இல்ல மாமா. அதுதான் இங்கேர்ந்து கேக்குறாங்க.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பாவம், அடிச்சிட்டுப் போகட்டும். திருவிழாவுக்குள்ள குடுத்துடு,” என்றார்.

இப்படியாக எங்கள் மாரியம்மன் கோயில் தப்பு, கொஸ்லந்தவிலிருந்து பஸ் ஏறி, பதுளைக்கு வந்து, நைஜீரியா ஆனது. மண்டபத்துக்கு வந்தவர்களெல்லாம் அதைத் தட்டிப் பார்த்து, ஆப்பிரிக்கத் தாளத்தின் ஆழமே தனி என்றார்கள். இசை தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒரு விரிவுரையாளர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

இலங்கை மேசைதான் எல்லாவற்றிலும் பெரியது. நடுவில் தினிதி. கொழும்புப் பக்கத்திலிருந்து வந்து படித்தவள், என் நல்ல சிநேகிதி. அவளுக்குக் கொழுந்து எடுக்கும் பெண் வேடம். சிவப்புச் சேலை, பிளாஸ்டிக் மல்லிகை, முதுகில் புத்தம் புதுக் கூடை. கூடைக்குள் கல்லூரித் தோட்டத்தில் பறித்த குரோட்டன் இலை. அவள் இரண்டு விரலை நீட்டிச் சிரித்தபடி நிற்க, பிள்ளைகள் வரிசையாக வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அதே நேரம் என் அம்மா இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு, மழைத் தூறலில் மலையில் நின்றிருப்பார். அவர் மகள் மண்டபத்தின் அந்தக் கோடியில் ஜிகினாவோடு வடஇந்தியாவாக நின்றிருந்தாள். தினிதி என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். வளையல் சத்தம் கேட்டது.

பெரியப்பா எந்த நாடு

இந்த இடத்தில் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது.

அப்பாவின் அண்ணன். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து எங்கள் ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்ட காலத்தில், பெரியப்பாவின் பெயர் இந்தியாவின் பங்கில் விழுந்தது. அப்பாவின் பெயர் இங்கே நின்றுவிட்டது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். பெரியப்பா தகரப் பெட்டியோடு தலைமன்னாரில் கப்பல் ஏறினார். அங்கே நீலகிரிப் பக்கத்தில் வேலை கிடைத்தது. தேயிலைத் தோட்டத்தில்தான்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரே ஒரு தடவை வந்தார். பிறந்த வீட்டைப் பார்க்க சுற்றுலா விசா எடுத்துக்கொண்டு வந்தார். முதுகு வலிக்கிற மாதிரி வளைந்து உட்கார்ந்து, அம்மா கொடுத்த பால் இல்லாத சாயத்தண்ணியைக் குடித்தபடி, “அங்க எங்கள சிலோன்காரங்கன்னுதான் கூப்பிடுறாங்க. எங்க தெருவுக்கே சிலோன் காலனின்னு பேரு,” என்றார்.

“இங்க எங்கள இந்தியாக்காரங்கன்றாங்க,” என்றார் அப்பா.

“அப்ப நாம ரெண்டு பேரும் எடத்த மாத்திக்கிட்டிருக்கலாம்டா.”

“மாத்தியிருந்தா நான் சிலோன்காரன், நீ இந்தியாக்காரன். அவ்வளவுதான்ணே.”

இருவரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. எனக்கு அப்போது புரியவில்லை. லெஹங்கா கட்டி அந்தப் பலகைக்குக் கீழே நின்றபோது கொஞ்சம் புரிந்தது.

மாசி

குழு தாமதமாகத்தான் வந்தது. வெலிமடைப் பாதையில் மரம் விழுந்திருந்ததாம். எனக்காக மிஸ் நகரத்தில் நாங்கள் நானா என்று கூப்பிடும் சாப்பாட்டுக் கடைக்காரரிடம் சொல்லி வைத்திருந்த சமோசாக்களை, மேசை நாற்காலி தூக்கிப் போட்ட பிள்ளைகள் அதற்குள் தின்று தீர்த்துவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. சூடாக இருந்தது.

இந்தியாவின் தட்டில் எண்ணெய்த் தாள் மட்டும் இருந்தது. மிஸ் முகம் வெளுத்துப் போனது.

என் பையில், அன்று காலை வீட்டிலிருந்து வந்தபோது அம்மா கட்டிக் கொடுத்த மத்தியானச் சாப்பாடு இருந்தது. கோதுமை ரொட்டியும் கட்டச் சம்பலும். மிளகாய், வெங்காயம், மாலைதீவிலிருந்து வரும் மாசிக் கருவாடு சேர்த்து இடித்தது. ரொட்டியைச் சின்னத் துண்டுகளாகப் பிய்த்து, ஒவ்வொன்றிலும் சம்பல் வைத்து, தட்டில் அடுக்கினேன். தூரத்திலிருந்து பார்க்க மரியாதையாகத்தான் இருந்தது.

மாலைதீவு மேசையிலிருந்து ஐஷாத் எட்டிப் பார்த்து, மணம் பிடித்துவிட்டாள்.

“இது எங்க மீன்,” என்றாள்.

“இப்போதைக்கு இந்தியா. பேசாம இரு,” என்றேன்.

குழுவில் தலைவியாக ஓர் உயரமான வெள்ளைக்காரப் பெண்மணி. அவருக்குப் பின்னால் கோட் போட்ட, நரைத்த பேராசிரியர் ஒருவர். அவர் இந்தியப் பலகையைப் பார்த்ததும் வரிசையை விட்டு நேராக என்னிடம் வந்தார். மிஸ் அவசரமாகப் பின்னால் வந்து நின்றார். பேராசிரியர் ஆங்கிலத்தில் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். பெயரைக் கேட்டதும் தமிழுக்கு வந்துவிட்டார்.

“தமிழாம்மா நீ? நான் மதுரைப் பக்கம். எந்த ஊரு உனக்கு?”

பொய் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். மிஸ் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் ஆங்கிலத்தில் அந்தப் பொய் வந்திருக்கும். ‘எந்த ஊரு’ என்று எங்கள் பஸ்ஸில் கேட்பது போலக் கேட்டுவிட்டார். வாய் தானாகப் பதில் சொன்னது.

“கொஸ்லந்தங்க.”

“கொஸ்லந்தயா? கேள்விப்பட்டதில்லையே. எந்த மாவட்டம்?”

“பதுளைங்க.”

அவர் நெற்றியைச் சுருக்கினார்.

“பதுளைன்னா, இந்தப் பதுளையா?”

“ஆமாங்க. இந்தப் பதுளைதான்.”

பின்னால் நின்ற மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் தாய்நாட்டைப் பற்றி மனம் விட்டுப் பேசுவதாக நினைத்து, கண் கலங்கி நின்றார்.

“அப்பறம் ஏம்மா இந்தப் பலகைக்குக் கீழ நிக்கிற?”

“நிக்கச் சொன்னாங்க சார்.”

பேராசிரியர் ஒரு துண்டு ரொட்டியை எடுத்து வாயில் போட்டார். காரத்தில் கண் நிறைந்தது. இன்னொன்று எடுத்தார்.

“இது இந்தியாவுல கிடையாதே,” என்றார்.

“இல்லைங்க. இது எங்க வீட்டுல செஞ்சது.”

“என்னையும் எங்க பல்கலைக்கழகத்துல இப்படித்தான் நிக்க வைப்பாங்க,” என்றார் மென்றுகொண்டே. “வருஷா வருஷம் தலைப்பாகை கட்டிவிடுவாங்க. எங்க ஊர்ல கல்யாண மாப்பிள்ளகூட அப்படிக் கட்டமாட்டான்.”

“சார் இந்தியாதானே, பரவால்லையே.”

“எங்க? அந்த நாட்டுக் குடியுரிம வாங்கிப் பல வருஷமாச்சு.”

இந்தியாவின் மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு தமிழர்கள் நின்று ரொட்டி சாப்பிட்டோம். இருவரில் ஒருவரும் இந்தியர் இல்லை.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் நன்றியுரை அவருக்குத்தான் கொடுத்திருந்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, பாராட்டாகவே சொன்னார். எவ்வளவோ தூரம் பறந்து வந்தேன், இந்திய மேசையில் நின்ற பெண்ணின் ஊர் இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம் என்று தெரிந்துகொண்டேன், எல்லைகளை அழிப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு உண்டா என்றார்.

கல்லூரியை நடத்தும் பணிப்பாளர் மட்டும் தனியாகக் கை தட்டி, பிறகு நிறுத்தினார்.

குழுத் தலைவி இனிமையாகச் சிரித்தபடி, “மற்ற நாடுகளில் எவையெல்லாம் பக்கத்து ஊர்கள்?” என்று கேட்டார்.

இமானுவேல் கையைத் தூக்கினான்.

“நான் உண்மையாகவே லாகோஸ்தான் மேடம். மேளம்தான் கொஸ்லந்த.”

இசை தெரிந்த விரிவுரையாளர் தன் கைப்பேசியை எடுத்து, அதில் இல்லாத எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்.

பொதுவாகச் சொல்லியிருக்கலாம்

அன்று மாலை மிஸ் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அழுதுவிடுவார் போல இருந்தார்.

“ஏன் அப்படிச் சொன்னீர்கள்?”

“ஊரைக் கேட்டார் மிஸ்.”

“பொதுவாக ஏதாவது சொல்லியிருக்கலாமே. தென்னிந்தியா என்று.”

“அதுக்கப்பறம் அங்க எந்த ஊருன்னு கேப்பாரே.”

“நான் உங்கள் ஆட்களுக்கு ஒரு இடம் கொடுக்கத்தானே பார்த்தேன், ரஞ்சனி.”

அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். கெட்டவராக இருந்திருந்தால் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டு வந்திருப்பேன்.

“இலங்கை மேசையிலயே கொஞ்சம் இடம் குடுத்திருக்கலாமே மிஸ்,” என்றேன்.

மிஸ் உண்மையிலேயே யோசித்தார். யோசித்துவிட்டு, ஒரு தீங்கும் இல்லாத குரலில் சொன்னார்.

“அங்கேதான் ஏற்கெனவே தேயிலை இருக்கிறதே.”

நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஒப்பந்தம் கையெழுத்தானது. குளிர் நாட்டுக்கும் ஒரு வெப்ப நாடு தேவைப்பட்டிருக்கும் போல. வெளிநாட்டு இடத்துக்கு மட்டும் திடீரென்று ஒரு நேர்முகத் தேர்வு வந்தது. புள்ளிகள் போதாதாம், கல்லூரியின் நற்பெயரைக் காக்கும் பக்குவமும் வேண்டுமாம். என் பக்குவம் எப்படிப்பட்டது என்று மண்டபம் நிறைய சாட்சிகள் இருந்தார்கள். தினிதிக்குக் கிடைத்தது.

அவள் என்னைத் தேடி விடுதி அறைக்கு வந்தாள்.

“நான் வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?”

“சொன்னா எனக்குக் குடுப்பாங்களா?”

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். “மாட்டார்கள்,” என்றாள்.

“அப்ப போயிட்டு வா. நல்ல கோட்டு ஒண்ணு எடுத்துட்டுப் போ.”

அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. எனக்கு வேறு ஒரு கவலை இருந்தது. அடுத்த டிவிஷன் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தவருக்கு நான் என்ன சொல்வது?

அப்பா

அந்த வாரக் கடைசியில் கொஸ்லந்த பஸ்ஸில் ஏறினேன். பண்டாரவளை தாண்டியதும் மூடுபனி. ஜன்னல் கண்ணாடியில் நீர் கோடு கோடாக இறங்கியது. அப்பாவிடம் சொல்ல மூன்று நான்கு விதமான பொய்களை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போனேன். ஒப்பந்தமே நடக்கவில்லை என்பது ஒன்று. அந்த நாட்டில் குளிர் தாங்காது என்பது இன்னொன்று.

அப்பா தொழிற்சாலையிலிருந்து வந்து, வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் தேயிலைத் தூள் வாசம். என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டுவிட்டார்.

“கிடைக்கலயா?”

“இல்லப்பா.”

பொய்கள் ஒன்றும் வரவில்லை. லெஹங்காவிலிருந்து மிஸ்ஸின் அறை வரை எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்படியிலிருந்து அம்மா கதவுக்கு வந்து நின்று கேட்டார். பக்கத்து வீட்டில் யாரோ மிளகாய் இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“அவரு ஊரக் கேட்டப்ப, நீ கொஸ்லந்தன்னுதான சொன்ன?” என்றார் அப்பா கடைசியில்.

“ஆமாப்பா.”

“தோட்டத்துப் பேரச் சொல்லலயா?”

“இல்லப்பா.”

அப்பா எழுந்து, சட்டையை உதறிக்கொண்டார்.

“அடுத்த வாட்டி அதையும் சேத்துச் சொல்லு. வெறும் கொஸ்லந்தன்னா வர்றவங்க எந்தப் பக்கம்னு தேடிக்கிட்டு நிப்பாங்க.”